பெப்ரவரியில் பூக்கும் கிழங்கு

செப்டெம்பர் 21, சனி

பென்ரித்துக்கு வந்து இன்றைக்கு இருபத்து மூன்று நாள். எங்கள் வீடு இருக்கிற லண்டனிலிருந்து ரயிலில் மூன்றரை மணித்தியாலம் வடக்கே, மழையும் செம்மறி ஆடுகளும் நிறைந்த சின்ன ஊர். ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. இரண்டு அறை வாடகை வீடு. பின்னால் தோட்டம் இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னார். நான் கண்டது ஒரு அப்பிள் மரமும் அதன் கீழே உடைந்த செங்கற்களும்.

பால் வாங்கக் கடைக்குப் போனேன். வாசலருகே ஒரு தட்டில் பூக்கிழங்குப் பொதிகள் அடுக்கியிருந்தன. ஒன்றில் வெள்ளைப் பூக்கள் தலை கவிழ்ந்து நிற்கிற படம். ஸ்னோட்ராப், இருபத்தைந்து கிழங்கு. பூக்கும் காலம் பெப்ரவரி என்று போட்டிருந்தது.

ஆரணி நேற்றுப் போனில் சொன்னாள்: "அம்மா, மாமி எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறா, நீங்கள் தீபாவளிக்கு முன்னம் திரும்பி வந்திடுவீங்களாம்." ஆரணி என் ஒரே மகள். அவள் மாமி என்று சொல்வது என் கணவரின் அக்கா புஸ்பராணியை. எனக்கு மச்சாள்.

பெப்ரவரியில் பூக்கிற ஒன்றை வாங்கினால் பெப்ரவரியில் நான் இங்கே இருந்தாக வேண்டும். அதனால்தான் வாங்கினேன். பூவின் ஆசையில் இல்லை. கூடவே, எழுதி வைக்க இந்தக் கொப்பியையும் வாங்கினேன்.

செப்டெம்பர் 29, ஞாயிறு

கிழங்குகளைப் பொதியிலிருந்து கொட்டினேன். சின்ன வெங்காயத்திலும் சின்னது. உரித்து ரசத்துக்குப் போடலாம் போல இருந்தது. சாப்பிடக்கூடாது, நஞ்சு என்று பொதியில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. நல்லது. அணில் தொடாது.

அப்பிள் மரத்துக்குக் கீழே நட்டேன். மாரியில் இலை கொட்டிவிடும் மரமென்றால் பூக்கிற நேரத்தில் வெளிச்சம் கிடைக்கும், கோடையில் நிழலும் ஈரமும் இருக்கும் என்று போட்டிருந்தது. மூன்று விரல் ஆழம். கூர்ப்பக்கம் மேலே. செங்கற்களைப் பொறுக்கவே இரண்டு மணித்தியாலம் போயிற்று. வலது மணிக்கட்டு திரும்பாது. ஜனவரியில் படியில் விழுந்ததில் எலும்பு முறிந்து, சரியாகப் பொருந்தவில்லை. இடது கையால்தான் கிண்டினேன். கோணல்மாணலாக வந்தது. பரவாயில்லை, கிழங்குக்குக் கண் இல்லை.

பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது. கேர்ஸ்டி. தபால்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும், எந்தக் குளிருக்கும் அரைக்காற்சட்டைதான்.

"என்ன புதைக்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

"ஸ்னோட்ராப்."

"காய்ந்த கிழங்கா? அது சிலவேளை வரும், சிலவேளை வராது," என்றாள்.

"வரும்," என்றேன்.

ஒக்டோபர் 13, ஞாயிறு

மச்சாள் போன் எடுத்தா. நலம் விசாரிக்காமலே தொடங்கினா.

"திலகா, இன்னும் எத்தினை நாளைக்கு இந்த விளையாட்டு?"

"விளையாட்டு இல்லை மச்சாள். வேலை. காலமை ஆறு மணிக்குத் தொடக்கம்."

"ஐம்பத்தெட்டு வயசில ஆரோ வெள்ளைக்காரக் கிழவிகளுக்குக் கஞ்சி காய்ச்சவோ வீட்டை விட்டுப் போனனீ? தம்பி இஞ்ச கோயில் நிர்வாகசபையில தலைவர். அவன் எப்பிடி நாலுபேருக்கு முகம் குடுக்கிறது?"

"அவரைக் கேளுங்கோ."

"அவன் கோவக்காரன்தான். சின்னனிலயே அப்பிடித்தான். ஆம்பிளையளெண்டால் ஒவ்வொரு மாதிரித்தான். நாங்கள் எல்லாரும் பொறுத்துக்கொண்டுதானே இருக்கிறம்? நான் இருக்கேல்லையோ?"

கடைசி வாக்கியத்தில் அவவின் குரல் கொஞ்சம் மாறியது. இருமினா.

"தீபாவளிக்கு முதல் வந்திடு. நடந்ததை ஒருத்தரும் கதைக்காமல் நான் பாத்துக்கொள்ளுறன்."

ஒருத்தரும் கதைக்காமல் இருப்பதுதான் முப்பத்திரண்டு வருடமாக நடந்தது. இதை அவவிடம் சொல்லவில்லை. அடுப்பில் பருப்பு கொதிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

ஒக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. இங்கேதான் இருக்கிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு

அப்பிள் இலை எல்லாம் கொட்டிவிட்டது. கூட்டி அள்ளப் போனேன். "விடுங்கள், அங்கேயே உக்கட்டும், கிழங்குக்கு அதுதான் சாப்பாடு," என்று கேர்ஸ்டி மதிலுக்கு மேலால் கத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டாமல் விட்ட முற்றம். இரண்டு நாள் கண்ணுக்குள் உறுத்தியது. மூன்றாம் நாள் பழகிவிட்டது.

வேலையில் திருமதி டொட் என்கிற தொண்ணூற்றொரு வயது அம்மா என் பருப்பு சூப்பை இரண்டாந்தரம் கேட்டா. ஒரு வேலைக்காரியிடம் கேட்பது போல இல்லை. கெட்டிக்காரியிடம் கேட்பது போல.

டிசெம்பர் 28, சனி

ஆரணி வந்து இரண்டு நாள் நின்று போனாள். வந்தவுடன் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு கட்டில், இரண்டு கதிரை, நாலு கோப்பை.

அவளும் மயூரனும் வருகிற கோடையில் கல்யாணம் செய்வதென்று முடிவாகியிருக்கிறது. மயூரன் நல்ல பிள்ளை, அவளோடு படித்தவன். எனக்குச் சந்தோசம். அதற்குப் பிறகுதான் விசயம் வந்தது.

"அப்பா சொல்லுறார், நீங்கள் வீட்டுக்கு வந்து அவரோட நிண்டால்தான் தான் மணவறையில ஏறுவாராம். அம்மா இல்லாத கல்யாணம் எண்டால் சனம் என்ன சொல்லும் எண்டு."

"கல்யாணத்துக்கு நான் வருவன் பிள்ளை. வீட்டை வரமாட்டன்."

"ஏன் அம்மா? இவ்வளவு வருசம் இருந்தனீங்கள்தானே. இன்னும் ஆறு மாசம் இருக்கேலாதோ? எனக்காக?"

எனக்காக என்று சொல்லும்போது அவள் அழுதாள். நான் அழவில்லை. சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கினேன். இடது கையால் இறக்கியதை அவள் பார்த்தாள்.

"கை இன்னும் நோகுதோ?"

"விழுந்த கைதானே. குளிருக்கு நோகும்."

அவளே எழும்பிச் சோற்றைப் போட்டாள். போகும்போது என் முகவரியை அப்பாவுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டாள். கொடுக்காதே என்றேன். தலையாட்டினாள்.

ஜனவரி 19, ஞாயிறு

மதிலுக்கு அந்தப் பக்கம் கேர்ஸ்டியின் தோட்டத்தில் ஸ்னோட்ராப் குருத்துகள் கொத்துக் கொத்தாக வெளியே வந்துவிட்டன. அவள் நட்டவை அல்ல. முன்பு குடியிருந்தவர்கள் எப்போதோ வைத்ததாம். அவள் திரும்பியும் பார்ப்பதில்லை. அதன் மேல் சைக்கிளைச் சாத்துகிறாள்.

என் பக்கம் இலைச்சருகுதான்.

பெப்ரவரி 9, ஞாயிறு

இருபத்தைந்தில் மூன்று வந்திருக்கிறது. இரண்டில் இலை மட்டும். ஒன்றில் ஒரு மொட்டு, அரிசிமணியை நூலில் கட்டித் தொங்கவிட்டது போல.

மற்ற இருபத்திரண்டும் பொதிக்குள்ளேயே காய்ந்து செத்திருக்க வேண்டும் என்று கேர்ஸ்டி சொன்னாள். இந்தக் கிழங்கு நீர் வற்றினால் தாங்காதாம். தட்டில் எத்தனை கிழமை கிடந்ததோ. பூவும் இலையும் இருக்கும்போதே பச்சையாகக் கிண்டி நட்டால்தான் பிடிக்குமாம்.

"முதலே சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"சொன்னேன். நீங்கள் வரும் என்றீர்கள்."

உண்மைதான். இருந்தாலும் மூன்று வந்ததே.

பெப்ரவரி 22, சனி

இதை நடந்தது நடந்தபடியே எழுதப் போகிறேன்.

காலை பதினொன்றரை. மரத்தின் கீழே குந்தியிருந்து அந்த ஒற்றைப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கவாசல் கதவு திறந்த சத்தம். கேர்ஸ்டி என்று நினைத்துத் திரும்பவில்லை.

"சுகமா இருக்கிறீரோ?"

அவர். கறுப்புக் கோட்டு. கோயில் கூட்டங்களுக்குப் போடுகிற சப்பாத்து. கையில் ஒரு இனிப்புப் பெட்டி.

நான் எழும்பினேன். எழும்பும்போதே கால் பின்னுக்குப் போனது. எனக்கு முதலே என் கால் பயந்தது.

"என்ன, உள்ளுக்குக் கூப்பிட மாட்டீரோ?"

"இல்லை."

சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னை நோக்கி நாலு எட்டு வைத்து, மரத்தடியில் வந்து நின்றார். நான் கிழங்கு வைத்த பாத்தியின் நடுவில்.

"காலை எடுங்கோ," என்றேன்.

"என்ன?"

"நிக்கிற இடம். காலை எடுங்கோ."

குனிந்து பார்த்தார். "இஞ்ச ஒண்டும் இல்லையேயப்பா. வெறும் மண்."

"கீழ இருக்கு. எடுங்கோ."

எடுத்தார். பின்னுக்குப் போய்ப் புல்லில் நின்றார். முப்பத்திரண்டு வருடத்தில் நான் சொல்லி அவர் செய்த முதல் வேலை. அங்கே உயிரோடு எதுவும் இருந்ததோ எனக்கும் தெரியாது.

அது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "சரி, கோவம் முடிஞ்சுதோ? பிள்ளையின்ர கல்யாணம் வருது. நானும் உம்மை விட்டுக்குடுக்காமல், சொந்தக்காரருக்குச் சுகமில்லை, பாக்கப் போயிட்டா எண்டு சனத்துக்குச் சொல்லிக்கொண்டு திரியிறன். ஆறு மாசமா என்னைப் பொய் சொல்ல வைச்சிட்டீர்."

"நானும் பொய் சொன்னனான். படியில விழுந்தனான் எண்டு டொக்டருக்குச் சொன்னன். நேர்சுக்குச் சொன்னன். பிள்ளைக்குச் சொன்னன். நீங்கள் பக்கத்தில நிண்டு தலையாட்டினனீங்கள்."

"அது... ஏதோ ஒரு கோவத்தில..."

"ஒரு கோவம் இல்லை. நான் எண்ணி வைக்கேல்லை. ஆனால் ஒண்டு இல்லை."

"சத்தம் போடாதையும். ஆக்கள் கேக்கப் போகினம்."

"இஞ்ச ஒருத்தருக்கும் தமிழ் விளங்காது. பொறுங்கோ, விளங்கிற மாதிரிச் சொல்லுறன்."

ஆங்கிலத்தில் சொன்னேன். இந்த மனிதன் என் கணவர், என் கையை முறித்தவர் என்று. சந்தையில் கூவுகிறவர்கள் போல, அடிவயிற்றிலிருந்து. இத்தனை காலம் அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் எனக்குள் கட்டி வைத்திருந்திருக்கிறேன் போல. ஒரு சொல்லும் தடுக்கவில்லை.

மதிலுக்கு மேலால் கேர்ஸ்டி. வேலையால் அப்போதுதான் வந்திருக்கிறாள். சிவப்புச் சட்டையும் தோளில் வெறும் தபால்பையும். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எல்லாம் சரிதானா?" என்று கேட்டாள்.

"இவர் போகப் போகிறார்," என்றேன்.

இனிப்புப் பெட்டியை மதிலில் வைத்துவிட்டுப் போனார். அப்போதுதான் கண்டேன், பக்கவாசலில் ஆரணி நிற்கிறாள். கார்த் திறப்பு கையில். தூரம் ஓட்ட அவருக்கு இடுப்பு இடம் கொடுக்காது, அவள்தான் ஓட்டி வந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. என்னைப் பார்த்தாள். காருக்குத் திரும்பினாள். முகவரியைக் கொடுத்தது அவள்தான்.

பொலிசுக்குச் சொல்லவா என்று கேர்ஸ்டி கேட்டாள். இப்போது வேண்டாம் என்றேன். இரண்டு மணிக்கெல்லாம் கடைக்குப் போய் ஒரு பெரிய தாழ்ப்பாள் வாங்கி வந்து பக்கவாசல் கதவில் பொருத்தித் தந்தாள்.

லட்டுகளை நானும் அவளும் தேத்தண்ணியோடு சாப்பிட்டோம். நல்ல லட்டு. லட்டு என்ன செய்தது.

பெப்ரவரி 23, ஞாயிறு

நேற்று எழுதியதை வாசித்தேன். ஒரு சொல்லும் வெட்டப் போவதில்லை.

செப்டெம்பர் இருபத்தொன்பதாம் திகதி எழுதியதில் மட்டும் ஒரு வசனத்தை வெட்டினேன். படியில் விழுந்தது என்று எழுதியிருந்தேன். என் சொந்தக் கொப்பியிலேயே.

மார்ச் 9, ஞாயிறு

கேர்ஸ்டி மதிலுக்கு மேலால் ஒரு வாளியைத் தந்தாள். அதற்குள் மண்ணோடு பெரிய பெரிய கொத்துகள், வாடத் தொடங்கிய பூக்கள், நீளமான பச்சை இலை. "எனக்குச் சைக்கிள் வைக்க இடம் வேண்டும்," என்றாள். அது பொய். சைக்கிளை அவள் இப்போது முன்பக்கம் வைக்கிறாள்.

அவளும் இந்தப் பக்கம் வந்தாள். இருவரும் மண்ணில் குந்தியிருந்து பிரித்தோம். சாறு பட்டால் தோல் கடிக்கும், கையுறை போட்டோம். ஒரு கொத்துக்குள் முப்பது, நாற்பது கிழங்கு நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. இழுத்தால் வேர் அறும். அடியில் இரண்டு பெருவிரலையும் வைத்து மெல்ல விரிக்க வேண்டும். வலது கை அதற்குத் திரும்பவில்லை. கேர்ஸ்டி பிரிக்க நான் நட்டேன். மூன்று மூன்றாக, நாலு நாலாக, முன்பு இருந்த ஆழத்துக்கே, இலையின் வெள்ளைப் பகுதி மண்ணுக்குள் இருக்கும்படி. உக்கின இலையை மேலே தூவித் தண்ணீர் ஊற்றினோம்.

நூற்றுக்கு மேல் இருக்கும். இம்முறை எண்ணவில்லை.

"அடுத்த வருடம் கனக்கப் பூக்காது," என்று கேர்ஸ்டி எச்சரித்தாள். "இடம் பிடிபட இரண்டு மூன்று வருடம் எடுக்கும்."

"எடுக்கட்டும். எனக்கு வேறு போக்கிடம் இல்லை," என்றேன். பிறகு திருத்தினேன். "வேறு இடம் போகிற எண்ணம் இல்லை."

மார்ச் 16, ஞாயிறு

மூன்று கிழமைக்குப் பிறகு ஆரணி போன் எடுத்தாள். "அம்மா" என்றாள். நான் பொறுத்திருந்தேன்.

"அண்டைக்கு நான் மேல் அறையில இருந்தனான்," என்றாள். "நீங்கள் விழுந்ததெண்டு சொன்ன அண்டைக்கு. படியில ஒரு சத்தமும் கேக்கேல்லை அம்மா. குசினியில, அடுப்படியிலதான் கேட்டது."

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"கேட்டும் நான் கீழ வரேல்லை. கதவைச் சாத்திப்போட்டு இருந்தனான். நீங்கள் விழுந்தனான் எண்டு சொல்ல எனக்கு ஆறுதலா இருந்தது. அதுதான் உங்களைத் திரும்பி வாங்கோ எண்டு கேட்டது. நீங்கள் வந்தால் அது நடக்கேல்லை எண்டு ஆகும்."

"அழாதை," என்றேன்.

"நீங்களாவது ஏசுங்கோவன்!"

"முகவரியைக் குடுத்ததுக்கு ஏசுறன். வடிவா ஏசுறன். மற்றதுக்கு இல்லை."

அவள் அழுகையோடு சிரித்தாள். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரிந்திருந்ததோ? இருந்திருக்கும். அன்றைக்கு அவள் அறைக் கதவு சாத்துகிற சத்தத்தை நானும் கேட்டேனே.

மே 18, ஞாயிறு

இலைகளெல்லாம் மஞ்சளாகிச் சரிந்து மண்ணோடு ஒட்டிக் கிடக்கின்றன. பார்க்கச் செத்த மாதிரி. வெட்டக்கூடாது, முடிந்து கட்டக்கூடாது. தானாக வாடி முடியும் வரைக்கும் இலை கிழங்குக்குச் சத்து இறக்கிக்கொண்டிருக்குமாம். வீட்டுக்காரர் புல் வெட்டும் ஆளை அனுப்பினார். மரத்தடிக்கு முன்னால் கதிரையைப் போட்டு, அவன் போகும் வரைக்கும் அதில் இருந்தேன்.

ஜூலை 19, சனி

ஆரணிக்கும் மயூரனுக்கும் லண்டனில் பதிவுத் திருமணம். மணவறை இல்லை, மண்டபம் இல்லை. இருபது பேர். இது ஆரணியின் முடிவு. "ஆடி மாசத்தில ஆராவது கல்யாணம் செய்வினமோ?" என்று மச்சாள் எல்லோருக்கும் போன் எடுத்துப் புலம்பினாவாம். அந்த ஒரு நாள்தான் பதிவுக் கந்தோரில் கிடைத்தது.

அவர் வரவில்லை. மச்சாள் வந்தா. பச்சைச் சேலையில் கடைசிக் கதிரையில் தனியே இருந்தா. அவவின் கணவர் வரவில்லை. நான் போய்ப் பக்கத்தில் இருக்கவில்லை. அவ்வளவு நல்லவளாக இருக்க எனக்கு இன்னும் ஏலாது.

சாட்சிக் கையெழுத்துக்கு ஆரணி என்னைக் கூப்பிட்டாள். திலகேஸ்வரி என்று தமிழில் வைத்தேன்.

பெப்ரவரி 8, ஞாயிறு

கேர்ஸ்டி சொன்னது சரி. கனக்க இல்லை. நட்டதில் பாதி இலை மட்டும். ஆனால் நாற்பத்தொரு பூ. கொட்டுகிற மழைக்குள் குடையோடு நின்று எண்ணினேன். வெள்ளை இதழைக் கையால் நிமிர்த்தி உள்ளே பார்த்தால் ஒரு பச்சைக் கோடு. இந்தப் பூவைப் பார்க்க வேண்டுமென்றால் நாம்தான் மண்டியிட வேண்டும், அது நிமிராது.

பழைய மூன்றும் ஐந்தாகியிருக்கின்றன.

பெப்ரவரி 14, சனி

பின்னேரம் மூன்று மணிக்கு வாசல் மணி அடித்தது. திறந்தால் மச்சாள். சின்ன சூட்கேஸ். குளிரில் மூக்குச் சிவந்திருந்தது. ஸ்டேசனில் இருந்து நடந்தே வந்திருக்கிறா.

"ரெண்டு நாள் நிக்கலாமோ?" என்றா. இதைக் கேட்க அவவுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை நான் பார்த்தேன். கொஞ்ச நேரம் அவவை அப்படியே நிற்க விட்டேன் என்பதையும் எழுத வேண்டும்.

பிறகு கதவை விரித்துத் திறந்தேன்.

தேத்தண்ணி குடிக்கும்போது தானாகச் சொன்னா: "பதினொரு வருசமா அந்த மனிசன் என்னோட கதைக்கேல்லை திலகா. சாப்பாடு வைச்சால் சாப்பிடுவார். உப்பு வேணுமெண்டால் மேசையைப் பாத்துச் சொல்லுவார். அடிக்கேல்லை, குடிக்கேல்லை. ஆருக்கு என்னெண்டு சொல்லுறது? நான் உனக்குப் பொறு பொறு எண்டு சொன்னதெல்லாம்..."

"குடியுங்கோ மச்சாள். ஆறுது," என்றேன்.

கட்டிலை அவவுக்குக் கொடுத்தேன். கேர்ஸ்டியிடம் காற்றடிக்கிற மெத்தை இருக்கிறது.

பெப்ரவரி 15, ஞாயிறு

மச்சாள் காலை பத்தரை வரைக்கும் நித்திரை. நான் எழுப்பவில்லை. எழும்பி வந்து நாலு துண்டு பாண் சாப்பிட்டா. யன்னலால் தோட்டத்தைப் பார்த்து, "உது என்ன வெள்ளையா?" என்று கேட்டா. பூ என்றேன். "தெரியுது, என்ன பூ?" என்றா. பெயரைச் சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தா, வாயில் வரவில்லை. விட்டுவிட்டா.

போன் அடித்தது. அவருடைய இலக்கம். நான் வீட்டை விட்டு வந்து ஒன்றரை வருடத்தில் அவர் எனக்கு எடுத்த முதல் அழைப்பு. எடுத்தேன்.

"அக்கா அங்கயோ?"

"ஓம்."

"அவவிட்டப் போனைக் குடும்."

மச்சாளைப் பார்த்தேன். வாய் நிறையப் பாணோடு தலையை இல்லை என்று ஆட்டினா.

"அவ சாப்பிடுறா," என்றேன்.

"நீர் ஒரு குடும்பத்தைக் குலைச்சது காணாதோ, இன்னும் போதாதோ?"

"காணாது," என்று சொல்லி வைத்தேன்.

மச்சாள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தா. பிறகு இன்னொரு துண்டு பாண் இருக்கிறதா என்று கேட்டா.